கீழ் இலையும் மேல் இலையும்

ஊசியக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததே ஒரு வேடிக்கை. அவள் வாழ்நாளில் யாருக்கும் ஊசி போட்டதில்லை. அவள் கையில் இருந்தது ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்ட வெறும் சிரிஞ்ச். அதற்குள்ளும் மருந்து கிடையாது, நோய்தான் இருந்தது. தக்காளிச் செடியின் இலையைப் புரட்டி, இடது ஆள்காட்டி விரலை மறுபக்கம் முட்டுக்கொடுத்து, அடிப்பக்கத்தில் சிரிஞ்சின் வாயை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவாள். பாக்டீரியா கலந்த தண்ணீர் இலைக்குள் இறங்கும். ஈரம் பட்ட துணி மாதிரி அந்த இடம் மட்டும் கறுத்துப் பரவும். உடனே மார்க்கர் பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். வேகமாக அழுத்தினால் இலை கிழியும், பயந்து அழுத்தினால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் அவள் கட்டைவிரலில் ஒரு காய்ப்பே விழுந்திருந்தது.

“ஆஸ்பத்திரியில நோயாளிக்கு மருந்து ஏத்துவாங்க. நீ நல்லா நிக்கிற செடிக்கு நோயை ஏத்துற. செத்தா உனக்கு எந்தப் பக்கம் இடம் குடுப்பாங்கன்னே தெரியல,” என்பார் குக்கர்.

குக்கர் என்பவர் ஆராய்ச்சி நிலையத்தின் நீராவிக் கொப்பரையை ஓட்டுகிறவர். சோதனை முடிந்த செடி, மண், தொட்டி எல்லாவற்றையும் அதில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கொப்பரையின் விசில் சத்தம் வாசல் வரை கேட்கும்.

“நான் ஏத்தினாத்தானே உங்களுக்கு அவிக்கிறதுக்கு வேலை? சோறு போடுறவளையே திட்டுறீங்களே அண்ணே,” என்று அவள் தலைநிமிராமல் பதில் சொல்லுவாள்.

தொட்டிகளுக்கு மண் நிரப்பத்தான் அவள் முதலில் அங்கே சேர்ந்தாள், இருபத்துமூன்று வயதில். அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டான், அவள் தொடர்ந்து படித்தாள். இரண்டு பேரையும் படிக்கவைக்க அந்த வீட்டில் ஆளில்லை. யார் நிற்பது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன் பையை எடுக்காமல் கிளம்பிப் போனான், அவ்வளவுதான். யாருடைய பசுமைக் குடிலிலோ பத்து வருஷம் தக்காளிக் கொடி கட்டி, அப்புறம் சொந்தமாக இரண்டு குடில் போட்டான். இவள் மண் நிரப்பிய கையோடு இலை எண்ணக் கற்றாள், பிறகு சிரிஞ்ச் பிடிக்கக் கற்றாள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. பத்தொன்பது முறை புதுப்பித்தாகிவிட்டது. இருபதாவது முறையும் கையெழுத்து விழும்வரை அவள் நாள் எண்ணத்தான் செய்வாள்.

படிப்பை விட வேலைதான் அவளுக்குப் பாடம் சொன்னது. செடிக்கு ரத்தம் கிடையாது. நம் உடம்பில் ரோந்து சுற்றுகிற மாதிரி அதற்குள் காவல் அணுக்கள் ஓடுவதும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பாக்டீரியாவுக்கு நீந்துவதற்கு ஒரு வால் உண்டு. அந்த வாலின் ஒரு துணுக்கு சுவரில் உரசினாலே போதும், அந்நியன் வந்துவிட்டான் என்று செல்லுக்குத் தெரிந்துவிடும். இலையின் சின்னஞ்சிறு துளைகள் படபடவென்று மூடிக்கொள்ளும். ஆனால் கைதேர்ந்த கிருமியிடம் நிஜமாகவே ஓர் ஊசி இருக்கிறது. அதைச் செல்லுக்குள் செருகி, உள்ளே இருக்கும் எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிடும்.

“எங்கிட்ட இல்லாத ஊசி அதுகிட்ட இருக்கு. பேரு மட்டும் எனக்கு,” என்று புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

சில செடிகள் அதற்கும் மேலே போகும். கம்பியில் எவனோ கை வைத்திருக்கிறான் என்பதை மோப்பம் பிடிக்கிற ஒரு காவல் அவற்றுக்குள் பிறவியிலேயே உண்டு. அது விழித்துக்கொண்டால் அந்த செல்லும் அக்கம்பக்கத்து செல்களும் ஒரே ராத்திரியில் தாங்களாகவே செத்து வறண்டுபோகும். திருடன் உள்ளே இருக்கும்போதே வீட்டைக் கொளுத்துகிற காரியம்தான். மறுநாள் காலையில் பார்த்தால் மார்க்கர் வட்டத்துக்குள் இலை பழுப்புக் காகிதமாகக் காய்ந்திருக்கும்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தப்பாக எழுதுவார்கள். காய்ந்த வட்டத்தைப் பார்த்து நோய் என்பார்கள், பச்சை வட்டத்தைப் பார்த்து நலம் என்பார்கள்.

“பச்சையா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க,” என்பாள் அவள். “காஞ்சு போனது முழிச்சிருக்கு. பச்சையா இருக்கிறது தூங்குது. நாலு நாள் கழிச்சு வந்து பாருங்க.”

நாலாம் நாள் பச்சை இலை முழுக்க எள் தெளித்தது போல் கரும்புள்ளி, ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சள் வளையம். காய் விட்டால் காயிலும் அதே எள்.

இந்தப் புள்ளி நோய்க்குத்தான் அவள் பயந்து பயந்து வாழ்ந்தாள். நிலையத்துக்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை. கிளம்பும்போது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். மூன்றாம் மாடியில் இருந்த அவளுடைய ஒற்றை அறையில், ஜன்னலில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. அண்ணன் குடிலுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவாள், அதுவும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான். போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு செடி வரிசைகளுக்கு நடுவே நடப்பாள். ஓர் இலையைக்கூடத் தொட மாட்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

“உங்க தங்கச்சி வந்துட்டா, சோதனை போட போலீஸ் வந்த மாதிரி,” என்று அண்ணி சிரிப்பாள். “ஒரு பழம் பறிச்சுத் தின்னேண்டி. செடி உன்னைக் கடிச்சிடாது.”

“நீங்களே பறிச்சுக் குடுங்க அண்ணி.”

“ம்ஹூம். மகாராணிக்கு வாயில வேற ஊட்டணும்.”

சொல்லிக்கொண்டே பறித்து, முந்தானையில் துடைத்து நீட்டுவாள். குழந்தை இல்லாத வீடு அது. அந்த இரண்டு குடில்களையும் அவர்கள் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் அது தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு புதுவகைக் கிருமி ஒன்று தலைகாட்டியது. பழைய கிருமியை மோப்பம் பிடிக்கிற காவல் பெரும்பாலான தக்காளி வகைகளில் இருந்தது. புதியது அந்தக் காவலின் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்தது. அதைத் தாங்குகிற ரகம் வேண்டும் என்று நிலையமே அல்லாடியது. அந்த வேலை டாக்டரம்மாவின் தலையில் விழுந்தது. டாக்டரம்மா ஊசியக்காவை விடப் பத்து வயது இளையவள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள். முப்பது ரகங்களைப் பழைய கிருமிக்கு ஒரு தொகுதி, புதிய கிருமிக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சரியாக அந்தச் சமயம் பார்த்து, செடி வளர்க்கும் இரண்டு குளிர் அறைகளில் ஒன்றின் இயந்திரம் படுத்துவிட்டது. மாற்று உதிரி வர ஆறு மாதம் என்றார்கள்.

அப்போது ஊசியக்காதான் ஒரு வழி சொன்னாள்.

“ஒரே செடியில ரெண்டையும் பாத்துடலாமேம்மா. திங்கக்கிழமை கீழ் இலையில பழைய கிருமி. அது காயுதா இல்லையான்னு மறுநாள் தெரிஞ்சிடும். வியாழக்கிழமை மேல் இலையை மட்டும் புதுக் கிருமித் தண்ணியில முக்கி எடுத்துடுறேன். அது வேற இலை, இது வேற இலை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. பாதி இடம் மிச்சம்.”

டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். “கீழ இருந்து கிருமி மேல ஏறாதே?”

“ஏறாதும்மா. இத்தனை வருஷமா பாக்குறேன், வட்டத்தைத் தாண்டினதில்ல.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. கிருமி தாண்டுவதில்லை. அறிக்கையில் டாக்டரம்மா அந்த முறையை எழுதி, கையெழுத்துப் போட்டு, யோசனை யாருடையது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தாள். ஊசியக்காவின் பெயர் ஒரு காகிதத்தில் அச்சானது அது ஒரு தடவைதான். அதன் நகலை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து, குடில் கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிவைத்தான்.

முப்பதில் ஒரு ரகம் மட்டும் தனித்து நின்றது. கீழ் இலையில் பழுப்பு வட்டம் மற்ற பல ரகங்களிலும் விழுந்தது, ஆனால் அவற்றின் மேல் இலையில் கொஞ்சமாவது புள்ளி இருந்தது; இதில் புள்ளியே இல்லை. அடுத்து வெளியே சோதனைத் தோட்டத்தில் நட்டார்கள். அந்த வருஷம் காற்று வறண்டு கிடந்ததால் நோயே வரவில்லை. வராததை, வந்தும் தாங்கியதாக எடுத்துக்கொண்டார்கள். அவசரத்தில் கோலமும் கிறுக்கலும் ஒன்றாகத்தான் தெரியும். விதை நாற்பத்துமூன்று விவசாயிகளுக்குப் போனது. “என் தங்கச்சி கையால தேறின விதை,” என்று சொல்லி இரண்டு குடிலுக்கும் முதலில் வாங்கியவன் அண்ணன்.

அந்தச் செடிகள் வளர்ந்து நின்ற ஒருநாள் மதியம், அவன் போனில் அழைத்தபோது அவள் நிலையத்தின் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“ஏய், இலையில எள்ளு தெளிச்ச மாதிரி இருக்குடி.”

“எந்த இலையில?”

“எந்த இலையிலன்னு கேக்காத. எந்த இலையில இல்லன்னு கேளு.”

நிலையத்திலிருந்து டாக்டரம்மாவும் ஓர் அதிகாரியும் போய்ப் பார்த்தார்கள். அதிகாரி நிமிர்ந்து கூரையில் ஓடிய தெளிப்புக் குழாயைக் காட்டினார். மேலிருந்து தண்ணீர் விட்டால் இலை நனையும், நனைந்தால் இந்த நோய் தாவும் என்றார். அதுவும் பொய்யில்லை. படிவத்தில் ‘பராமரிப்புக் குறைபாடு’ என்று எழுதினார்கள். மற்ற தோட்டங்களிலிருந்தும் புகார் வந்தது. அங்கேயும் அதே படிவம், அதே வார்த்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் ஏணியில் நின்று தெளிப்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். பழைய செடிகளை ஒரு குடிலில் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டான். வேரடியில் சொட்டுச் சொட்டாக நீர் விடும் கறுப்புக் குழாய்களைத் தானே உட்கார்ந்து துளைபோட்டு வரிசை வரிசையாக விரித்திருந்தான். விரலெல்லாம் கொப்புளம்.

“எல்லாம் என் புத்தி,” என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் குரலில் தெம்பு இருந்தது. “நீ தேத்திக் குடுத்த விதைய நான் தண்ணி ஊத்தியே கெடுத்திருக்கேன். போவட்டும், தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அது போதும். இன்னும் பதினஞ்சு நாள்ல திங்கக்கிழமை திரும்ப விதைக்கிறேன். இந்தத் தடவை ஒரு இலை நனையாது, பாரு.”

“முப்பது வருஷமா தண்ணி விடுறவருக்கு இப்பத்தான் தண்ணி விடத் தெரியலையாம்,” என்றாள் அண்ணி. ஆனால் அவளும் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

இரண்டாம் குடிலில் பழைய செடிகள் இன்னும் நின்றன. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். கதவோரத்து வரிசைக்கு வந்ததும் நின்றாள். அதற்கு மேலே இருந்த தெளிப்பான் பல மாதமாக அடைத்துக்கிடந்தது அவளுக்குத் தெரியும். அண்ணன் அந்த வரிசைக்கு மட்டும் குவளையால் வேரில் ஊற்றிவந்தான். ஒரு சொட்டு இலையில் பட்டதில்லை. அந்த வரிசையிலும் அதே எள், அதே அளவு.

அவள் குனிந்து கீழ் இலைகளைப் பார்த்தாள். அவை எல்லாம் முழுசாக இருந்தன. எந்த வட்டமும் இல்லை, எந்தப் பழுப்புக் காகிதமும் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? இங்கே யாரும் திங்கட்கிழமை வந்து கீழ் இலையில் பழைய கிருமியை ஏற்றவில்லையே.

அந்த நினைப்பிலேயே அவள் மறுபடி குனிந்து அடுத்த செடியின் கீழ் இலையைப் பார்த்தாள். கிருமி வட்டத்தைத் தாண்டாது, சரி. செய்தி? ஓர் இலை செத்து வறண்டால் அந்தத் தகவல் சாற்றோடு ஏறி, மற்ற இலைகளை உசுப்பிவிடும் என்று டாக்டரம்மா வகுப்பெடுக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து அவளே கேட்டிருக்கிறாள். உசுப்பப்பட்ட இலை கொஞ்ச நாளைக்கு எந்தக் கிருமி வந்தாலும் கதவைச் சாத்தும். கேட்டது வேறு, சிரிஞ்ச் பிடித்தது வேறு என்று இரண்டும் அவள் மண்டைக்குள் தனித்தனி அறையில் கிடந்திருக்கின்றன.

மறுநாளே அவள் அந்த ரகத்தின் முப்பத்தாறு நாற்றுகளை எடுத்தாள். மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. முதல் வரிசையின் கீழ் இலையில் பழைய கிருமி. இரண்டாவது வரிசையின் கீழ் இலையில் வெறும் தண்ணீர். மூன்றாவது வரிசையைத் தொடவேயில்லை. வியாழக்கிழமை மூன்றின் மேல் இலைகளையும் புதுக் கிருமியில் முக்கினாள். பிறகு காத்திருந்தாள். காத்திருந்த நாலு நாளும் மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு, மூன்று வரிசையும் சுத்தமாக இருக்க வேண்டும், விதையில் குறையில்லை, அண்ணன் குழாயில்தான் குறை என்று ஆகிவிட வேண்டும் என்று வேண்டினாள். தன்னை வளர்த்தவன் மேல் பழி விழட்டும் என்று வேண்டுகிறோம் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

திங்கட்கிழமை காலை குளிர் அறைக் கதவைத் திறந்தாள். முதல் வரிசையில் பதினோரு செடி சுத்தம், ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று புள்ளி. மற்ற இரண்டு வரிசைகளும் அண்ணனின் குடில் மாதிரியே இருந்தன.

குக்கர் தள்ளுவண்டியோடு வந்தார். “முடிஞ்சுதா? ஏத்தட்டுமா அடுப்புல?”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் அண்ணே.”

அவர் செடிகளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் அவித்ததும் இதே இலைதானே, பார்த்தால் புரியும். ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். எழுந்தபோது அவள் முழங்காலில் மண்.

“கையெழுத்து என்னோடதுக்கா,” என்றாள்.

“யோசனை என்னோடதும்மா.”

“பழைய கிருமிக்கு இந்த ரகத்துல அலாரம் ரொம்பப் பலமா அடிச்சிருக்கு. அந்த அலாரம் கேட்டு மேல் இலை முழிச்சிருக்கு. நம்ம அதைப் பிறவிக் குணம்னு எழுதிட்டோம்.” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். “நான் மேல எழுதறேன். கமிட்டி கூடணும், வேற லேப்ல மறுசோதனை வைக்கணும். விவசாயிங்களுக்குக் கடிதம் போக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெளிய பேசக்கூடாதுன்னு விதி. உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் வேற வருது. மிரட்டுறேன்னு நெனைக்காதீங்கக்கா. என் கதையும் அதேதான்.”

“வர்ற திங்கக்கிழமை எங்கண்ணன் விதைக்கிறாரும்மா.”

டாக்டரம்மா முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள். “நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். போ, சொல்லு என்கிறாளா, என்னை இதில் இழுக்காதே என்கிறாளா? ஊசியக்கா அந்த வாரம் முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. நாற்றுத் தட்டுகளில் மண் நிரப்பி, நனைத்து, விரலால் குழி போட்டு, அண்ணன் எல்லாம் தயாராக வைத்திருந்தான். விதைப் பொட்டலம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

“அண்ணா, நாளைக்கு விதைக்காத.”

“ஏன், உங்க ஆபீஸ்ல அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கா?”

அவள் சொன்னாள். கீழ் இலை, மேல் இலை, திங்கட்கிழமை, வியாழக்கிழமை என்று ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் செடி விஷயத்தில் அவனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

“அப்போ குழாய்?”

“குழாய்ல தப்பில்லண்ணா.”

“தண்ணி?”

“தண்ணியிலயும் இல்ல. அதிகமா பரவியிருக்கும், அவ்ளோதான். விதைக்குத் தாங்குற சக்தியே கிடையாது. ஒருநாளும் இருந்ததில்ல.”

அவன் ஒரு காலித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். கொப்புளம் உடைந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரும் வழியெல்லாம் அந்தக் கத்தலுக்குத்தான் தன்னைத் தயார்ப்படுத்தியிருந்தாள்.

“என் தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டி,” என்றான்.

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என் தப்புன்னா நான் திருத்திக்குவேன். இந்தப் பதினஞ்சு நாளும் அந்த ஒரு நெனப்புலதான் காலையில எந்திரிச்சேன்.” சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, “வேற விதை?” என்றான்.

“புதுசைத் தாங்குறது எங்ககிட்ட இல்லண்ணா. வேற யார்கிட்டயும் இருக்கிற மாதிரி தெரியல.”

அண்ணி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே வந்து, கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள். “பத்தொம்பது வருஷம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு வந்தியே…” என்று ஆரம்பித்தாள்.

“விடு,” என்றான் அண்ணன்.

அவள் விட்டுவிட்டாள். விட்டதுதான் ஊசியக்காவுக்குத் தாங்கவில்லை.

அவன் எழுந்து இரண்டாம் குடிலுக்குப் போனான். இவர்களும் பின்னால் போனார்கள். முதல் செடியின் அடியைப் பிடித்து இழுத்தான். வேர் மண்ணோடு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அண்ணி மறு வரிசையில் ஆரம்பித்தாள். ஊசியக்கா வழக்கம்போல் நடுவில் நின்றாள், கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

“சும்மா நிக்காத. வந்து பிடுங்கு.”

“என் கையி…”

“இனிமே உன் கையில இருந்து இதுக்கு என்ன வரணும்?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்பது போலத்தான் கேட்டான்.

அவள் கைகளைப் பிரித்தாள். கதவோரத்து வரிசையில், அடைத்த தெளிப்பானுக்குக் கீழே இருந்த செடியிடம் போனாள். பழக்கதோஷம், விரல் ஓர் இலையைப் புரட்டி மறுபக்கம் முட்டுக்கொடுத்தது, கட்டைவிரல் வெறுங்காற்றை அழுத்தியது. இலையின் ரோமம், அந்தக் காரமான பச்சை வாசனை எல்லாம் நிலையத்துச் செடி மாதிரியேதான் இருந்தன. பிறகு அடியைப் பிடித்து இழுத்தாள்.

வெயில் சாயும்வரை பிடுங்கினார்கள். கடைசி வரிசை முடிந்ததும் அண்ணன் குவியலைப் பார்த்தபடியே கேட்டான்.

“இந்த விதை எத்தனை பேர்கிட்ட இருக்கு?”

“நாப்பத்திமூணு.”

“எல்லாரும் இந்த வாரம்தான் திரும்ப விதைக்கிறாங்க. எல்லார்கிட்டயும் குழாயைத்தானே மாத்தச் சொல்லியிருக்கானுங்க?”

“ம்.”

“பாதிப்பேரு நம்பர் எங்கிட்ட இருக்கு.”

அவள் கைகளில் முழங்கை வரை செடிச்சாறு கரும்பச்சையாக ஒட்டிக்கிடந்தது. அதனால் அண்ணனே எண்ணை அழுத்தி, போனை அவள் காதில் வைத்துப் பிடித்தான். அடுத்த மாத ஒப்பந்தம் அவள் கண் முன்னால் ஒரு தரம் வந்து போனது. மறுமுனையில் ஒரு பெரியவர் எடுத்தார். பின்னணியில் மண்ணைத் தட்டி நிரப்பும் சத்தம் கேட்டது.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க யாரும்மா பேசுறது? ஆபீஸரா?”

“இல்லைங்க. அங்க வேலை பாக்குறவ. இலைக்கு ஊசி போடுறவ.”

அந்தப் பக்கம் யாரிடமோ போனைப் பொத்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பது லேசாகக் கேட்டது. பிறகு குரல் திரும்பி வந்தது, கனிவாக, பயந்த பிள்ளைக்குச் சமாதானம் சொல்வது போல.

“எங்ககிட்ட எழுத்துல குடுத்திருக்காங்கம்மா, தண்ணிதான் காரணம்னு. அதான் பூராக் குழாயையும் மாத்திட்டோம். தப்பு எங்க மேலதான். இந்தத் தடவை பாருங்க, நல்லா வரும்.”

அண்ணனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனை அவள் காதிலேயே வைத்திருந்தான். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினான்.